‘தி ஐலண்ட்’ படமும் அதில் காட்டப்படாத பெண்களும்

நீங்கள் கேட்டிருப்பது இது. மைக்கேல் பே இயக்கி 2005இல் வந்த ‘தி ஐலண்ட்’ படத்தைப் பார்த்தீர்கள். பிறகு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினால் ஆளுக்கொரு பேச்சாக இருக்கிறது. முதல் பாதி அருமை, இரண்டாம் பாதி வெறும் துரத்தல் என்கிறார்கள் சிலர். அறிவியல் என்ற பெயரில் அபத்தம் என்கிறார்கள் வேறு சிலர். இன்னும் சிலர் இது நாளைக்கு நடக்கப்போவது, இப்போதே எங்கோ ரகசியமாக நடந்துகொண்டிருக்கலாம் என்கிறார்கள். இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்டுவிட்டு, கடைசியில் ‘படம் முடிந்து இரண்டு நாளாகியும் மனதை விட்டு நீங்கவில்லை’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைத்தான் உண்மையான கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். படம் உங்களுக்குள் கிளப்பிய கலக்கத்துக்கு நிஜத்தில் ஆதாரம் உண்டா?

நான் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் கருவியல் நிபுணராகப் பல ஆண்டுகளாக வேலை பார்ப்பவள். நுண்ணோக்கியின் கீழ் ஒரு கருமுட்டையைப் பிடித்து, அதற்குள் ஒற்றை விந்தணுவைச் செலுத்துவது என் அன்றாட வேலை. குளோனிங் (ஒருவரின் செல்லிலிருந்து அவரைப் போலவே இன்னொருவரை உருவாக்குவது) செய்கிறவர்கள் பயன்படுத்தும் கருவிகளும் கைப்பழக்கமும் பெரும்பாலும் இவையே. அதனால் எது முடியும், எது முடியாது என்பதைக் கொஞ்சம் உறுதியாகச் சொல்ல முடியும். குளோனிங் நான் செய்ததில்லை. சினிமாவைப் பற்றி நான் சொல்வதை ஒரு ரசிகையின் கருத்தாக மட்டும் கொள்ளுங்கள். கதையின் முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச வழியில்லை. படம் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

கதையை மறந்தவர்களுக்காகச் சுருக்கமாக: 2019ஆம் ஆண்டு. வெளியுலகம் முழுவதும் நஞ்சாகிவிட்டது என்று நம்பவைக்கப்பட்ட சில ஆயிரம் பேர், வெள்ளை உடையில், மூடிய ஒரு வளாகத்துக்குள் வாழ்கிறார்கள். மாசுபடாமல் மிஞ்சியிருப்பது ஒரே ஒரு தீவு. அங்கே போக அவ்வப்போது குலுக்கல் நடக்கும். லிங்கன் சிக்ஸ் எக்கோ என்பவனுக்குச் சந்தேகம் வருகிறது. தீவு என்று ஒன்று இல்லை. அவர்கள் எல்லாருமே வெளியில் இருக்கும் பணக்காரர்களின் குளோன்கள். குலுக்கலில் பெயர் விழுந்தால் அறுவை மேசைக்குப் போகிறார்கள் என்று பொருள். அடுத்த குலுக்கலில் ‘வென்ற’ ஜோர்டான் என்ற பெண்ணை இழுத்துக்கொண்டு அவன் தப்பி ஓடுகிறான். யூவன் மெக்ரிகரும் ஸ்கார்லெட் ஜோஹான்சனும் நடித்தார்கள்.

இரண்டு பாதிகளைப் பற்றிய புகாரை முதலில் முடித்துவிடுகிறேன். அது நியாயமான புகார். வளாகத்துக்குள் நடக்கும் பகுதியில் ஒவ்வொரு காட்சியும் நமக்கு எதையோ சொல்கிறது. காலையில் சிறுநீரைப் பரிசோதித்து உணவைக் கட்டுப்படுத்தும் கழிப்பறை, ஆணும் பெண்ணும் நெருங்கி நின்றாலே வந்து விலக்கும் காவலர், எங்கே போகிறது என்றே தெரியாமல் குழாய்களுக்குள் ஊட்டச்சத்தைச் செலுத்தும் வேலை. அந்தக் குழாய்கள் போவது அடுத்த குளோன்கள் வளரும் பைகளுக்கு என்று பிற்பாடு தெரியவரும்போது வயிற்றைப் பிசைகிறது. வெளியே வந்ததும் படம் வேறொன்றாகிவிடுகிறது. லாரியிலிருந்து ரயில் சக்கரங்களை நெடுஞ்சாலையில் உருட்டிவிடும் துரத்தல் தொழில்நுட்பமாகப் பெரிய சாதனைதான். ஆனால் அதற்கு முன்பு கேட்ட கேள்விகள் எல்லாம் அந்த இரைச்சலில் காணாமல் போகின்றன. காலணி, விளையாட்டுக் கருவி, தேடுபொறி என்று விளம்பரப் பெயர்கள் திரையில் வந்துகொண்டே இருப்பதும் பலரை எரிச்சலூட்டியது. 1979இல் வந்த ஒரு சிறிய படத்தின் கதையை ஒத்திருக்கிறது என்று அதை எடுத்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள், பிறகு சமரசமாக முடிந்தது. சுமார் 12.6 கோடி டாலர் செலவில் எடுத்த படம் அமெரிக்காவில் சுமார் 3.6 கோடி மட்டுமே வசூலித்தது. வெளிநாட்டு வசூல்தான் அதைத் தாங்கிப் பிடித்தது.

இனி அறிவியல். ‘முழு அபத்தம்’ என்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, படத்தின் அடிப்படைக் கருத்து மருத்துவரீதியாகச் சரியானது என்பதுதான். குளோன் என்பது காலம் தாழ்ந்து பிறந்த ஒத்த இரட்டை. 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசஃப் மர்ரி குழுவினர் செய்த முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை, ஒத்த இரட்டையர்களுக்கு இடையில் நடந்தது. அன்றைக்கு நோய் எதிர்ப்பை அடக்கும் நல்ல மருந்துகள் இல்லை. இரட்டையரின் உடல் ஒன்றையொன்று அந்நியமாகப் பார்க்காததால் மட்டுமே அது பலித்தது. ஆகவே ‘உன்னிலிருந்தே உருவான உறுப்பு, உன் உடல் நிராகரிக்காது’ என்று படத்தில் நிறுவனம் விற்கும் வாக்குறுதி வெறும் கற்பனை இல்லை. அதில் ஒரு சிறு ஓட்டை உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும் மரபணு, கருமுட்டையைத் தந்த பெண்ணிடமிருந்து வருவது. அதனால் குளோன் நூற்றுக்கு நூறு நகல் ஆகாது. எலிகளில் செய்த ஆய்வுகள் இந்தச் சிறு வேறுபாடும் எதிர்ப்பைத் தூண்டக்கூடும் என்று காட்டியிருக்கின்றன. இந்த ஓட்டையைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் சொல்லவந்த விஷயமே அதற்குள்தான் இருக்கிறது.

தவறானவை எவை? காலம், முதலில். படத்தில் வளர்ந்த ஆண்களாகவும் பெண்களாகவும் நடமாடுகிறவர்களுக்கு உண்மையில் மூன்று நான்கு வயதுதான். வளர்ச்சியை அப்படி முடுக்கிவிட வழி எதுவும் இல்லை. முப்பது வயதுக்காரரைக் குளோன் செய்தால் கிடைப்பது ஒரு பச்சைக் குழந்தை. அதன் கல்லீரல் வளர்ந்தவர் ஒருவருக்கு ஈடாகும் அளவு வளர்வதற்குள் ஆண்டுகள் பல ஓடிவிடும். நோயாளி அதுவரை காத்திருக்க மாட்டார். இரண்டாவது, நினைவு. லிங்கனின் கனவில், அவன் பார்த்தே இராத ஒரு படகு வருகிறது. அது அவன் யாரிடமிருந்து குளோன் செய்யப்பட்டானோ, அந்த டாம் லிங்கனின் படகு. நினைவுகள் மூளையின் நரம்பிணைப்புகளில், வாழ்ந்த அனுபவத்தால் பதிபவை. தோலிலிருந்தோ ரத்தத்திலிருந்தோ எடுத்த ஒரு செல்லின் உட்கருவில் நீங்கள் ஓட்டிய படகு இருக்காது. பிறக்கும்போதே பிரிக்கப்பட்டு வளர்ந்த ஒத்த இரட்டையருக்குக்கூட குணத்தில் ஒற்றுமை இருக்கலாம், ஒருவர் நினைவு மற்றவருக்கு வருவதில்லை. இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

மூன்றாவது தவறு ஒன்று இருக்கிறது. பார்வையாளர்கள் அதை அநேகமாகக் கவனிப்பதே இல்லை. குளோன்கள் சுயநினைவே இல்லாத வெறும் உடல்கள் என்றுதான் வாடிக்கையாளர்களிடம் நிறுவனம் சொல்லியிருக்கும். படத்தில் வரும் சட்டமும் அதைத்தான் அனுமதிக்கிறது. ஆனால் நிறுவனத் தலைவர் மெரிக், உணர்வும் அனுபவமும் இல்லாத உடல்களில் உறுப்புகள் பழுதாகிவிட்டன, ஆகவே அவர்களை விழிப்போடு வாழவைக்க வேண்டியதாயிற்று என்று விளக்குகிறார். உண்மையில் நினைவிழந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். மும்பையில் 1973இல் தாக்கப்பட்ட ஒரு செவிலியர், உடன் பணியாற்றிய செவிலியர்களின் பராமரிப்பிலேயே 2015 வரை வாழ்ந்ததை நாடறியும். தசை மெலியும், தொற்று வரும். ஆனால் இதயமும் சிறுநீரகமும் நினைவில்லை என்பதற்காக நின்றுவிடுவதில்லை. மெரிக்கின் விளக்கம் உயிரியலில் நிற்காது. ஆயினும் கதைக்கு அது மிகப் பெரிய பலம். ஏனென்றால் வாடிக்கையாளர் யாரும் தன்னைக் கொலைக்கு உடன்பட்டவராக எண்ணவில்லை. காசைக் கட்டிவிட்டு, பார்க்காமல் இருந்துவிட்டார், அவ்வளவுதான். படத்தில் என்னை மிகவும் உலுக்கியது இந்த இடம்.

சரி, ‘நாளைக்கு நடக்கும்’ என்கிறவர்கள்? இங்கே உறுதியாகத் தெரிந்ததையும் தெரியாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் 1996 ஜூலை 5 அன்று டாலி என்ற ஆடு பிறந்தது. வளர்ந்த ஆட்டின் மடிச்செல்லிலிருந்து உட்கருவை எடுத்துச் செய்யப்பட்ட முதல் பாலூட்டி அது. அதன் பிறகு பசு, பன்றி, நாய், எருமை என்று வரிசை நீண்டது. நம் நாட்டில் கர்னாலில் 2009இல் எருமைக் கன்று பிறந்தது. குரங்கு மட்டும் நெடுநாள் பிடிகொடுக்கவில்லை. ஷாங்காயில் பிறந்த சோங் சோங், ஹுவா ஹுவா என்ற இரண்டு குரங்குகளை 2018 ஜனவரியில்தான் உலகுக்கு அறிவித்தார்கள். மனிதரில் 2013இல் அமெரிக்காவின் ஓரிகனில் மிட்டாலிபோவ் குழுவினர் குளோன் செய்த கருவிலிருந்து ஸ்டெம் செல்களை, அதாவது உடலின் வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய செல்களை, எடுத்தார்கள். சில நாள் வளர்ந்த செல் உருண்டைதான் அது, கருப்பைக்குள் வைக்கப்படவில்லை. குளோன் செய்யப்பட்ட மனிதக் குழந்தை பிறந்தது என்று 2002 டிசம்பரில் ஒரு குழு அறிவித்தது. எந்தச் சான்றும் காட்டப்படவில்லை. இன்றுவரை மெய்ப்பிக்கப்பட்ட மனிதக் குளோன் ஒன்றுகூட இல்லை.

ஏன் இவ்வளவு கடினம் என்பதைக் கையால் செய்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். மனிதக் கருமுட்டையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. இடது பக்கம் ஒரு கண்ணாடிக் குழல் மெல்லிய உறிஞ்சலால் அதை அசையாமல் பிடித்திருக்கும். வலது பக்கத்து ஊசி உள்ளே போகும்போது முட்டையின் சவ்வு உடனே கிழிவதில்லை. ஊசிக்கு முன்னால் புனல்போல் உள்வாங்கி, கொஞ்சம் தாங்கி, பிறகு இடம் கொடுக்கும். அந்த இடத்தில் கை ஒரு மயிரிழை அவசரப்பட்டால் முட்டை கண்முன்னே பழுப்பாகிச் சிதைந்துவிடும். நாங்கள் செய்வது உள்ளே ஒன்றை விட்டுவருவது மட்டும். குளோனிங்கில் முதலில் முட்டையின் சொந்த மரபணுத் தொகுதியை எடுக்க வேண்டும். அது சாதாரண ஒளியில் கண்ணுக்கே தெரியாது, தனிவகை ஒளி வேண்டும். அதை எடுத்துவிட்டு, வேறொருவரின் உடற்செல்லை அங்கே வைத்து, இரண்டையும் ஒன்றாக்கி, விந்து சேராமலே ‘கருவாகிவிட்டேன்’ என்று முட்டையை நம்பவைக்க வேண்டும். மனிதக் கருமுட்டை இந்த வேலையின் நடுவிலேயே அவசரப்பட்டுத் தூண்டப்பட்டுவிடும். அதைத் தடுக்க ஓரிகன் குழுவினர் பயன்படுத்தியவற்றில் ஒன்று காஃபின், நாம் தினமும் குடிக்கும் காபியில் இருக்கும் அதே பொருள்.

கை வேலை எவ்வளவு நன்றாக நடந்தாலும் உட்கரு தன் பழக்கத்தை மறக்க வேண்டும். தோல் செல்லில் தோலுக்கு வேண்டிய மரபணுக்கள் மட்டும் திறந்திருக்கும், மற்றவை மூடிக் கிடக்கும். சில மணி நேரத்தில் முட்டை அந்தப் பூட்டுகளையெல்லாம் திறந்து, எல்லாவற்றையும் ஆரம்பத்திலிருந்து தொடங்கவைக்க வேண்டும். பெரும்பாலும் அது அரைகுறையாகவே நடக்கிறது. கரு பாதியில் நிற்கும், நஞ்சுக்கொடி சரியாக வளராது, கன்று அளவுக்கு மீறிப் பெரிதாகி தாயையும் ஆபத்தில் தள்ளும். சீன ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட ஆய்வில், குளோன் கருவின் நஞ்சுக்கொடியாகும் பகுதியை மட்டும் சாதாரண கருவிலிருந்து எடுத்து வைத்த பிறகுதான் ஒரு ரீசஸ் குரங்கு பிறந்து இரண்டு ஆண்டுக்கு மேல் வாழ்ந்தது. தடங்கல் எங்கே இருக்கிறது என்பது இதிலிருந்து விளங்கும்.

இப்போது எண்களைப் பாருங்கள். டாலிக்காக உருவாக்கிய முட்டைகள் 277. அவற்றில் 29 கருக்கள் 13 பெண் ஆடுகளின் கருப்பையில் வைக்கப்பட்டன. பிறந்தது ஒன்று. ஷாங்காய்க் குரங்குகளில், சிசுவின் செல்லிலிருந்து செய்த 79 கருக்கள் 21 வாடகைத்தாய்க் குரங்குகளுக்கு வைக்கப்பட்டு, ஆறு கருத்தரித்து, இரண்டு பிழைத்தன. வளர்ந்த குரங்கின் செல்லிலிருந்து செய்தபோது 181 கருக்கள், 42 தாய்க் குரங்குகள், 22 கருத்தரிப்புகள். பிறந்த இரண்டும் சீக்கிரமே இறந்துவிட்டன. படத்தில் வருவது இந்தக் கடைசி வகைதான், வளர்ந்தவரை நகலெடுப்பது. இந்த எண்களில் ‘ஆடு’, ‘குரங்கு’ என்று இருக்கும் இடத்தில் ‘பெண்’ என்று போட்டுப் படித்துப் பாருங்கள். நாற்பத்திரண்டு பெண்கள், இருபத்திரண்டு கர்ப்பங்கள், இரண்டு சிசு மரணங்கள், கையில் ஒன்றுமில்லை.

கருமுட்டைகள் எங்கிருந்து வரும்? இந்தியாவில் 2021இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி, 23 முதல் 35 வயதுக்குட்பட்ட பெண் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கருமுட்டை தானம் செய்யலாம், ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக் கூடாது. 277ஐ ஏழால் வகுத்தால் நாற்பது பெண்கள். ஒவ்வொருவரும் பத்து நாளுக்கும் மேலாகத் தினமும் ஊசி போட்டுக்கொண்டு, மயக்க மருந்துக்குப் பிறகு, நீண்ட ஊசியால் சினைப்பையிலிருந்து முட்டையை எடுக்கக் கொடுக்க வேண்டும். சிலருக்குச் சினைப்பை வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியும் வரும். தானம் கொடுத்துவிட்டு வயிற்றைப் பிடித்தபடி ஆட்டோ ஏறும் பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒரு குளோனுக்கு நாற்பது பேர் என்றால், படத்தில் காட்டும் சில ஆயிரம் குளோன்களுக்கு எத்தனை பேர்? தொழில்நுட்பம் தேறத் தேற இந்த எண் குறையும் என்பது உண்மை. பூஜ்ஜியமாகாது. கருமுட்டை இல்லாமல் குளோன் இல்லை, கருமுட்டை பெண்ணிடமிருந்து மட்டுமே வருகிறது.

படத்தில் அந்தப் பெண்கள் இல்லவே இல்லை. குளோன்கள் பிளாஸ்டிக் பைகளுக்குள், திரவத்தில் மிதந்தபடி, முழு ஆளாக வளர்கிறார்கள். தாயும் இல்லை, முட்டை கொடுத்தவளும் இல்லை. அறிவியலைக் குறைசொல்லும் பார்வையாளர்கள் வயதையும் நினைவையும் பிடித்துக்கொள்கிறார்கள், இந்தப் பையைப் பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். என் கண்ணுக்கு இதுதான் படத்தின் பெரிய பொய். மற்றவை கதையை நகர்த்தச் செய்த வசதிகள். இது ஒரு கூட்டத்தையே கண்ணிலிருந்து மறைக்கிறது.

ஒரே ஒரு காட்சியில் படம் இந்த உண்மையைத் தொடுகிறது. குளோன் பெண் ஒருத்தி கர்ப்பமாக இருக்கிறாள். குழந்தை பிறந்ததும் தீவுக்குப் போகப்போகிறாள் என்று எல்லாருக்கும் மகிழ்ச்சி. பிரசவம் ஆகிறது. குழந்தையைப் பார்க்க வேண்டும் என்கிறாள். செவிலியர் குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார், அவளுக்கு ஊசியில் மரணம் ஏற்றப்படுகிறது. அடுத்த அறையில், அதே முகம் கொண்ட பணக்காரப் பெண் தன் கணவனோடு அந்தக் குழந்தையைக் கையில் வாங்குகிறாள். அவள் கெட்டவள் இல்லை. அழுகிறாள், மகிழ்கிறாள், பக்கத்து அறையைப் பற்றி அவளுக்குத் தெரியாது. இரண்டு நிமிடத்துக்கு மேல் போகாத காட்சி. கல்லீரலுக்காக அறுக்கப்படும் நடுவில் விழித்தெழுந்து, மார்பில் கருவிகளோடு தாழ்வாரத்தில் ஓடும் ஸ்டார்க்வெதர் என்ற குளோனின் காட்சியைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குப் பிரசவ அறைதான் நெஞ்சில் நின்றது. அந்தக் காட்சியைப் படமாக்கத் தெரிந்த ஒருவர், அந்த இழையை விட்டுவிட்டு ரயில் சக்கரங்களுக்குப் போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

நீங்கள் நிஜத்தில் ஆதாரம் உண்டா என்று கேட்டீர்கள் அல்லவா, படம் வெளிவந்த அதே ஆண்டில் அது நடந்தது. அமெரிக்காவில் தோற்ற இந்தப் படம் தென் கொரியாவில் நன்றாக ஓடியது. அங்கே அப்போது ஹ்வாங் வூ-சுக் என்ற விஞ்ஞானி தேசிய நாயகனாக இருந்தார். நோயாளிகளின் செல்லிலிருந்து குளோன் கரு செய்து, அவரவருக்குப் பொருந்தும் ஸ்டெம் செல்களை எடுத்துவிட்டதாக 2005 மே மாதம் ‘சயின்ஸ்’ இதழில் அறிவித்திருந்தார். படத்தின் மெரிக், இரண்டே ஆண்டில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயைக் குணமாக்குவேன் என்று பேசுவார். ஹ்வாங்கின் வாக்குறுதிகளைக் கேட்டுக்கொண்டிருந்த மக்கள் அதை எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அந்த ஆண்டின் இறுதியில் எல்லாம் இடிந்தது. 2006 ஜனவரியில் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழு, அந்த ஸ்டெம் செல் முடிவுகள் புனையப்பட்டவை என்று அறிவித்தது. பொய்யைவிட என்னைப் பாதித்தது வேறு ஒன்று. 2,000க்கும் மேற்பட்ட கருமுட்டைகள் அந்த ஆய்வுகளுக்காகப் பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டிருந்தன. சிலருக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வகத்திலேயே வேலை பார்த்த இளம் பெண்களும் முட்டை கொடுத்திருந்தார்கள். மேலதிகாரியின் ஆய்வுக்கு, அவர் கீழ் வேலை செய்யும் பெண் கொடுக்கும் சம்மதத்தை முழுச் சம்மதம் என்று நான் ஏற்க மாட்டேன்.

குளோனிங் வரைகூடப் போக வேண்டியதில்லை. 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியை, ஆதாரில் வயதைத் திருத்தி, பலமுறை கருமுட்டை கொடுக்கவைத்த வழக்கு வெளிவந்தது. கைதானவர்களில் பெற்ற தாயும் இருந்தார். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் துறையில் இருந்த பலருக்கும் உறக்கமில்லை. முட்டை எங்கள் மேசைக்கு வரும்போது அது ஒரு கிண்ணத்தில், ஒரு எண்ணோடு வருகிறது. அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவளின் வயதைத் தாளில் இருப்பதைக் கொண்டே நம்புகிறோம். காசைக் கட்டிவிட்டுப் பார்க்காமல் இருக்கும் வாடிக்கையாளரைப் பற்றி மேலே சொன்னேன். அந்தப் பாத்திரம் எனக்கு அந்நியமாகத் தெரியாததற்கு இதுவே காரணம்.

எனவே ‘ரகசியமாக எங்கோ மனிதக் குளோன் பண்ணைகள் இருக்கின்றன’ என்பதை நான் நம்பவில்லை. காரணம் சட்டங்கள் மட்டும் அல்ல. இத்தனை பெண்களும், இத்தனை கலைந்த கர்ப்பங்களும், இத்தனை மருத்துவர்களும் தேவைப்படும் ஒன்றை மறைத்துவைப்பது மிகக் கடினம். ஒரே ஒரு குளோன் குழந்தை என்றாவது பிறக்குமா என்றால், அதை முடியாது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். குரங்கில் முடிந்துவிட்டது. மனிதரில் முயல்வது, பிறக்கப்போகும் குழந்தை மீதும் சுமக்கப்போகும் பெண்கள் மீதும் செய்யும் கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை. குளோன்கள் சீக்கிரம் முதுமையடையுமா என்பது இன்னும் முழுதாகத் தீராத கேள்வி. டாலி ஆறு வயதிலேயே, 2003 பிப்ரவரியில், நுரையீரல் கட்டியால் கருணைக்கொலை செய்யப்பட்டதால் அந்தப் பேச்சு எழுந்தது. அது வைரஸால் ஆடுகளுக்கு வரும் நோய். டாலியின் அதே செல்களிலிருந்து பிற்பாடு செய்த நான்கு ஆடுகள் எட்டு ஒன்பது வயதிலும் நலமாக இருப்பதாக 2016இல் நாட்டிங்ஹாம் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். பிழைத்து வளர்ந்த குளோன்கள் ஓரளவு இயல்பாகவே முதுமையடைகின்றன என்பது இப்போதைக்குக் கிடைக்கும் விடை. பிழைக்காதவற்றின் எண்ணிக்கையை அதோடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

உறுப்புக்காகக் குளோனிங் என்பது இன்று வேறொரு வடிவில் உண்மையாகியிருக்கிறது. 2022 ஜனவரியில் மேரிலாண்டில் ஒருவருக்கு மரபணு திருத்திய பன்றியின் இதயம் பொருத்தப்பட்டது. அவர் சுமார் இரண்டு மாதம் வாழ்ந்தார். பிறகு பன்றியின் சிறுநீரகங்களும் சிலருக்குப் பொருத்தப்பட்டிருக்கின்றன. மனித உடல் ஏற்கும்படி பத்து மரபணுக்கள் மாற்றப்பட்ட செல்லின் உட்கருவை, பன்றியின் முட்டைக்குள் வைத்து, குளோனிங் முறையில்தான் இதயம் தந்த அந்தப் பன்றியை உருவாக்கினார்கள். டாலிக்குச் செய்த அதே வேலை. இன்னொரு வழி, 2006இல் ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா காட்டியது. முதலில் எலியிலும் அடுத்த ஆண்டே மனிதரிலும், கருமுட்டையே இல்லாமல், சாதாரண செல்லைப் பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல்லாக்கினார். 2012இல் நோபல் பெற்றார். முழு உறுப்பு வளர்ப்பது இன்னும் வெகுதூரம். ஆனால் பெண்ணின் உடலைக் கடக்காமல் போகும் வழி என்பதால் எனக்கு அதில்தான் நம்பிக்கை.

படம் பார்க்காதவர்களுக்கு இதைப் பரிந்துரைப்பேனா? ஆம், முதல் ஒரு மணி நேரத்துக்காக. துரத்தல் பிடிக்காவிட்டால் தாண்டிவிடுங்கள். ஆனால் அவர்களைத் துரத்திவந்த கூலிப்படைத் தலைவன் லோரான் கடைசியில் மனம் மாறுவதைத் தாண்டாதீர்கள். பலர் அது திடீரென்று நிகழ்கிறது என்கிறார்கள், எனக்கு அப்படிப் படவில்லை. சிறுவயதில் தன்னையும் சகோதரர்களையும் மனிதரிலும் தாழ்ந்தவர்கள் என்று அடையாளம் காட்டச் சூடு போட்ட கதையை அவனே சொல்கிறான், ஜோர்டானின் கையில் இருக்கும் முத்திரையைப் பார்த்த பிறகு. இதே பொருளை ஓட்டமும் வெடியும் இல்லாமல் பார்க்க விரும்பினால் 2010இல் வந்த ‘நெவர் லெட் மி கோ’ இருக்கிறது. அதில் யாரும் தப்பி ஓடுவதில்லை, அதனால் இன்னும் கனமாக இருக்கும், மனநிலை பார்த்துத் தொடங்குங்கள். அதிலும் அந்தக் குழந்தைகளைச் சுமந்தவர்கள் யார் என்று யாரும் சொல்வதில்லை.